பூட்டு உடையாத களவு

வேரகந்தைச் சந்தியில் மைக் ஒன்று சும்மா நின்றால் போதும், அதற்குப் பின்னால் ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் போய் நின்றுவிடுவார். வர்த்தகர் சங்கத்துக்கு அவர் தலைவர். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு ஆலோசகர். இறந்தவர்களின் மையத்தை அடக்கும் மையவாடிக் குழுவுக்குப் பொருளாளர். பொலிஸாரும் பொதுமக்களும் மாதத்துக்கு ஒருமுறை கூடி பிஸ்கட் தின்னும் குழு ஒன்று இருக்கிறது, அதற்கு உபதலைவர். கூட்டம் எதுவானாலும் பேச்சு ஒன்றுதான்.

"ஏமாறாதீர்கள், சகோதரர்களே! உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று ஒருவன் போன் எடுத்தால் ஏமாறாதீர்கள்! முகம் தெரியாதவன் சிரித்துக்கொண்டு வாசலுக்கு வந்தால் ஏமாறாதீர்கள்! ஏமாற்றுகிறவன் கெட்டிக்காரன் இல்லை, ஏமாறுகிறவன்தான் ஆசைக்காரன்!"

இந்தப் பேச்சை அவர் மனைவி பீபி மண்டபத்தில் கேட்டது குறைவு. குளியலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டதுதான் அதிகம். ஒத்திகை எல்லாம் அங்கேதான் நடக்கும். வாளித் தண்ணீர் தலையில் விழும் சத்தம்தான் கைதட்டல்.

ஆகையால், அன்று காலை ஹாஜியார் குசினி வாசலில் வந்து நின்று, போனைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தபோது பீபி நிமிர்ந்து பார்த்தாள். அவள் தேங்காய்ப்பூ ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அம்மியில் கட்டசம்பல் பாதி அரைத்தபடி கிடந்தது.

"எனத்த வந்திச்சு? ஒடம்புக்கு ஏலாதா?"

"போன் வேல செய்றல்ல."

"சார்ஜ் போடுங்க."

"என்ட போன் இல்ல பீபி. அவர்ட போன்."

"எவர்ட?"

"கலாநிதிட."

கல்லில் கிடந்த ரொட்டி கருகியது. பீபி திருப்பிப் போடவில்லை.

கலாநிதி ஸஜ்ஜாத் வந்து போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. கழுத்தில் அட்டை, கையில் மிளகின் ஈரம் பார்க்கிற கருவி, வாயில் இங்கிலீஷ். கருவியை மிளகு மூட்டைக்குள் குத்தி, அது காட்டிய இலக்கத்தைப் பார்த்துவிட்டு, மையத்து வீட்டில் நிற்பவர் மாதிரி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு "மாஷா அல்லாஹ்" என்றார். இந்தத் தரத்தில் மிளகைத் தான் கண்ணால் கண்டதில்லை என்றார். துபாயில் உலகக் கண்காட்சி ஒன்று நடக்கப் போகிறது. மலைநாட்டிலிருந்து ஒரே ஒருவரைத்தான் 'சர்வதேச வாசனைத் திரவியத் தூதர்' என்று தெரிவு செய்கிறார்கள். அவருடைய படம் சுவர் உயரத்துக்கு நிற்கும், படத்துக்குக் கீழே அவருடைய மிளகு மலை மாதிரிக் குவிந்து கிடக்கும் என்றார். கீழ்க்கடை ஹாஷிம் முதலாளியின் பெயரும் பரிசீலனைக்கு வந்ததாம். "நல்ல மனிதர்தான்," என்று கலாநிதி இழுத்தார், "ஆனால் தரம் என்று ஒன்று இருக்கிறதே, ஹாஜியார்."

இந்த ஒரு வாக்கியத்துக்காக ஹாஜியார் மிளகை மட்டுமல்ல, ஸ்டோரின் ஓட்டையும் கழற்றிக் கொடுத்திருப்பார்.

முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரை போட்டு, பொன்னாடை போர்த்தி, கண்ணாடிச் சட்டம் போட்ட பத்திரம் ஒன்றைக் கொடுத்தார்கள். பீபி கோழி புரியாணியும் வட்டலப்பமும் செய்து போட்டாள். கலாநிதி வட்டலப்பம் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு அந்தப் போகத்து மிளகு முழுவதும் லொறியில் ஏறியது. கடைசி மூட்டையை ஹாஜியார் தாமே தோள் கொடுத்து ஏற்றினார். அமைச்சர் அறிவிக்கும்வரை ஒருவருக்கும் மூச்சுவிடக் கூடாது என்பது நிபந்தனை.

"ஏமாத்திட்டானா?" என்றாள் பீபி.

"ஏமாத்தல்ல. களவு."

"களவா? நீங்கதானே தோள் குடுத்து ஏத்தினீங்க!"

"நான் ஏத்தினது துபாய்க்கி. அவன் கொண்டு போனது வேற எங்கயோ. என்ட சம்மதம் இல்லாத எடத்துக்குக் கொண்டு போனா அது களவுதானே?"

"அல்லாவே! பொலிஸுக்குப் போய் நடந்தத அப்பிடியே செல்லுங்களேன்."

"நானா? ஊருக்கே ஏமாறாதீங்க எண்டு செல்ற மனுசன், பட்டத்துக்கு ஆசப்பட்டு மிளகக் குடுத்துட்டேன் எண்டு செல்லவா? ஹாஷிம் சிரிச்சே மவுத்தாகிப் போவான்."

"போனா போகட்டும். நீங்கதானே மையவாடிக்குப் பொருளாளர்."

ஹாஜியார் தொப்பியைச் சரி செய்துகொண்டு பொலிஸுக்குப் போனார். இரவோடிரவாக ஸ்டோரில் இருந்த மிளகு களவு போய்விட்டதென்று முறைப்பாடு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

*

வேரகந்தைப் பொலிஸுக்குப் பொறுப்பதிகாரியாகப் புதிதாக வந்திருந்த ஓஐசி மாத்தயா விஞ்ஞானத்தில் நம்பிக்கை உள்ளவர். அவருடைய அறைச் சுவரில் வட்டாரப் படம் ஒன்று தொங்கியது. இரத்தோட்டைப் பாதையில் அண்மையில் மிளகு களவு போன ஸ்டோர்களில் எல்லாம் சிவப்பு ஊசி குத்தியிருந்தார். ஒன்றிலும் பூட்டு உடையவில்லை, ஓடு கழறவில்லை, சுவரில் ஓட்டை இல்லை. இதிலிருந்து அவர் கண்டுபிடித்தது, இது நாட்டிலேயே மிகக் கெட்டிக்காரத்தனமான ஒரு கேங் என்பது. அதற்கு 'கறுத்த மிளகுக் கேங்' என்று பெயரும் வைத்திருந்தார். பெயர் வைத்தால் பாதி பிடித்த மாதிரி என்பது அவர் எண்ணம்.

ஜீப் வந்து நின்றது. ஓஐசியும், சார்ஜன்ட் நோபர்ட்டும், ஒரு நாயும், நாயைப் பிடித்திருந்த கான்ஸ்டபிளும் இறங்கினார்கள். நோபர்ட் ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த கத்தோலிக்கத் தமிழர். அந்தப் பொலிஸில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால், தமிழில் வரும் துன்பங்கள் எல்லாம் அவர் வழியாகத்தான் சிங்களத்துக்குப் போகும். அந்த வேலையில் மனிதர் பாதி சிரிப்பைப் பல்லுக்குள் அடக்கிப் பழகியிருந்தார்.

"நோபர்ட் தம்பி, தொழுற அறைக்கு மட்டும் அத விட்டுடாதீங்க," என்றாள் பீபி, நாயைப் பார்த்து.

"இல்லம்மா. அது நம்ம ஆளுகள விட ஒழுக்கம்."

நாய் ஸ்டோருக்குள் போய் மூக்கை வைத்தது. இரண்டு முறை தும்மியது. பிறகு நேராக முற்றத்துக்கு வந்து, லொறி நின்ற இடத்தில் டயர்த் தடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. அங்கிருந்து பிளாஸ்டிக் கதிரைகள் அடுக்கியிருந்த மூலைக்குப் போனது. கடைசியில் ஹாஜியாருடைய சாரத்தை முகர்ந்து பார்த்து, அவருக்கு முன்னால் உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்தது.

ஹாஜியாருக்கு வேர்த்துக் கொட்டியது.

"மிளகு நெடி," என்று ஓஐசி சிங்களத்தில் விளக்கினார். "நாயைக் குழப்புவதற்கென்றே மிளகு திருடுகிறார்கள். கெட்டிக்காரக் கேங்."

அன்றைக்கு அந்த முற்றத்தில் விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே உத்தியோகத்தரை ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

அடுத்தது பூட்டு. ஓஐசி கையுறை போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய குற்றவியல் அறிவு மொத்தமும் இவ்வளவுதான்: களவென்றால் பூட்டு உடைந்திருக்க வேண்டும், உடையவில்லை என்றால் சாவிக்காரனைப் பிடிக்க வேண்டும்.

"சாவி யாரிடம் இருக்கிறது?"

"என்னிடம் ஒன்று," என்றார் ஹாஜியார்.

"இன்னொன்று?"

ஹாஜியார் சாரத்தை இழுத்துக் கட்டினார். முற்றத்து ஓரத்தில் படங்கு விரித்து, கடைசியாகப் பறித்த கொஞ்ச மிளகைக் காலால் கிளறிக் காய வைத்துக்கொண்டிருந்தான் பொன்னையா. ஹாஜியாரிடம் நெடுங்காலமாக வேலை செய்கிறவன். மிளகை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தே காய்ச்சல் போதுமா என்று சொல்லிவிடுவான். அவனே இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினான்.

"எங்கிட்டத்தான் சார் இருக்கு."

ஓஐசியின் முகத்தில், படத்தில் அடுத்த ஊசி குத்துகிறவரின் மகிழ்ச்சி வந்தது. "உள்ளாள்," என்றார்.

"என்னா சார்?" பொன்னையா நோபர்ட்டைப் பார்த்தான். பிறகு ஹாஜியாரைப் பார்த்தான். மொதலாளி ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தான்.

ஹாஜியார் ரிவர்ஸ்டன் பக்கம் வானத்தைப் பார்த்தார். மலைத்தலையில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மழை வாற போல ஈக்கி," என்றார்.

பீபி கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டாள். இத்தனை வருசத்தில் அந்த மனுசர் மைக் இல்லாமல் பேசிய மிகச் சின்ன வசனம் அதுதான். மிகக் கேவலமானதும் அதுதான்.

"வா பொன்னையா," என்றார் நோபர்ட், தோளில் கை போட்டு. "ஒரு வாக்குமூலம் எடுத்துட்டு அனுப்பிருவாங்க." சொன்னவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. பொன்னையாவின் போனை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

*

மறுநாள் பின்னேரம் வானம் உடைத்துக்கொண்டு கொட்டியது. படங்கில் காயப் போட்டிருந்த மிளகை அள்ள ஆள் இல்லை. பீபி ஓடினாள். ஹாஜியாரும் ஓடினார். படங்கை எந்த மூலையிலிருந்து மடிப்பது என்பது அவருக்குத் தெரியாது. ஒரு மூலையை இழுத்தார், மிளகு முழுவதும் மறுபக்கத்தால் வாய்க்காலுக்குள் சரிந்தது.

"அங்கிட்டு விடுங்க மொதலாளி! குறுக்க புடிங்க!"

பொன்னையாவின் மனைவி நிரோஜா. குடையை வேலியில் மாட்டிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். பெண்கள் இரண்டு பேரும் படங்கை நாலாக மடித்துத் தாழ்வாரத்துக்கு இழுத்தார்கள். ஹாஜியார் வாய்க்கால் ஓரத்தில் வழுக்கி உட்கார்ந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே மேற்பார்வை செய்தார்.

பீபி துவாயும் இஞ்சி போட்ட பிளேன்டீயும் கொடுத்தாள். நிரோஜா தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"பொலிஸ்ல சோறு குடுத்துட்டு வாறேம்மா. வாயவே தொறக்க மாட்டேங்கிறாராம். எடுத்தியான்னாலும் பேச்சில்ல, எடுக்கலியான்னாலும் பேச்சில்ல. தலையக் குனிஞ்சிக்கிட்டே இருக்காராம். சார்ஜன் அய்யா சொல்றாரு, 'இல்ல'ன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லும்மா, சும்மா இருந்தா அவங்க கணக்குக்கு அதான் குத்தம்னு."

"நாளைக்கி விட்டுருவாங்க மகள்," என்றார் ஹாஜியார் வாசலிலிருந்து.

"நாளைக்குக் கோட்டுக்குக் கொண்டு போறாங்களாம் மொதலாளி. அப்புறம் ரிமாண்டாம்." நிரோஜா கோப்பையைக் கீழே வைத்தாள். "நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்கம்மா. அவரு ஒரு மிளகு தொட மாட்டாரு. ஆனா இப்பிடி வாயத் தொறக்காம இருக்கயில, ஒரு நிமிசம், ஒரே நிமிசம், எடுத்திருப்பாரோன்னு எனக்கே வந்திருச்சு. அதத்தாம்மா என்னால தாங்க முடியல."

பீபி எழுந்தாள். அறைக்குள் போய் அபாயாவைப் போட்டுக்கொண்டு, பர்தாவைச் சரி செய்துகொண்டு வந்தாள்.

"த்ரீவீல் ஒண்டு வரச் செல்லுங்க."

"எங்க போற?" என்றார் ஹாஜியார்.

"பொலிஸுக்கு."

"மழ விடட்டுமே. நாளைக்கி நானே போய் மேலிடத்துல கதச்சு..."

"மழையப் பாத்தது போதும். நீங்க செல்றீங்களா, நான் செல்லட்டுமா?"

"நான்தான் செல்லணும். ஆம்புள இருக்கக்குள்ள..."

"ஆம்புள இருந்தா நேத்தே செல்லி முடிஞ்சிருக்கும். ஏறுங்க. நிரோஜா, நீயும் வா."

*

ஓஐசி சந்தோஷமாக இருந்தார். மேலதிகாரிக்குச் சொல்லியாயிற்று, கேங்கின் உள்ளாள் அகப்பட்டுவிட்டான், இனி ஒவ்வொருவனாக விழுவான். ஹாஜியாரைக் கண்டதும் கதிரை போடச் சொன்னார்.

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். மைக் இல்லாவிட்டாலும் பழக்கம் போகவில்லை. "மாத்தயா, மனிதாபிமானம் என்ற ஒன்று இருக்கிறது. சமூக நல்லிணக்கத்தை முன்னிட்டு, நமது குழுவின் உபதலைவர் என்ற வகையில், இந்த முறைப்பாட்டைப் பெருந்தன்மையோடு..."

"வாபஸ் வாங்கவா?" ஓஐசி கதிரையிலிருந்து எழுந்தே விட்டார். "முடியாது ஹாஜியார்! இது இப்போது உங்கள் களவு இல்லை. என்னுடைய களவு!"

பீபிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. சந்தையில் வாதாடிப் பழகிய சிங்களம் அது.

"மாத்தயா, மிளகு களவே போகவில்லை. இந்த மனுசர் தன் கையாலேயே ஏற்றி அனுப்பினார். ஒரு பட்டத்துக்காக. நான் புரியாணியும் போட்டேன்."

பக்கத்து அறையில் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தவர்கூடக் கையை நிறுத்திவிட்டார். நிரோஜா சிங்களத்தைப் பாதிதான் பிடித்தாள், ஆனால் புரியாணி விளங்கியது. நோபர்ட் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அவருடைய தோள் குலுங்கியது.

பீபி முழுவதையும் சொன்னாள். கருவி, கண்காட்சி, படம், தூதர். ஹாஜியார் ஒவ்வொன்றுக்கும் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்திக்கொண்டே போய், கடைசியில் தொப்பி மட்டும் தெரிந்தது.

"கையால் கொடுத்தீர்களா?" ஓஐசி உட்கார்ந்தார். காற்றுப் போன டயர் மாதிரி இருந்தது முகம். "அப்படியானால் களவு இல்லை. ஏமாற்று. ஏமாற்று எங்கள் மேசை இல்லை."

"எந்த மேசை?"

"பெறுமதியைப் பொறுத்தது. பெரிது என்றால் மேலே அனுப்ப வேண்டும். போனில் பேசினான் என்றால் அது வேறு பிரிவு. துபாய் என்று சொன்னானா? அப்படியென்றால் அது நாட்டுக்கு வெளியே." அவருக்குத் திடீரென்று கோபம் வந்தது. "அதுவும் போக, பொய் முறைப்பாடு குற்றம், தெரியுமா? உங்களையே உள்ளே போடலாம்!"

"போடலாம் சேர்," என்றார் நோபர்ட், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனால் சேர், மற்ற ஸ்டோர்களிலும் பூட்டு உடையவில்லைதானே?"

ஓஐசி சுவர்ப் படத்தைப் பார்த்தார். சிவப்பு ஊசிகள் அவரைத் திருப்பிப் பார்த்தன; ஒன்று ஹாஷிம் முதலாளியின் ஸ்டோரில் குத்தியிருந்தது.

"ஹாஷிம் முதலாளிக்குப் போன் எடு," என்றார் மெதுவாக. "ஸ்பீக்கரில் போடு."

நோபர்ட் எடுத்தார். "முதலாளி, பொலிஸ்லருந்து பேசுறேன். ஒங்க மிளகு விஷயம். கலாநிதி ஒருத்தரு..."

மறுபக்கம் கதவு ஒன்றைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"...யாரு சென்னது?"

"ஹாஜியாருக்கும் பட்டம் குடுத்திருக்காரு."

"ஸெய்னுலாப்தீனுக்கா?" ஹாஷிம் முதலாளியின் குரல் ஸ்பீக்கரைப் பிய்த்தது. "எனக்கு மட்டும்தான் எண்டானே, நாசமாப் போவான்! தரம் இல்லாத ஆளுகளுக்கு நாங்க குடுக்கிறல்ல எண்டானே!"

ஹாஜியாருக்கு அதுவரை போயிருந்த உயிர் திரும்பி வந்தது. மேசையில் குனிந்து போனுக்குள் கேட்டார்: "ஹாஷிம், ஒனக்கு எனத்த பட்டம் தந்த?"

"வாசனைத் திரவியப் பேரரசர்."

ஹாஜியார் மறுபடி கதிரையில் சாய்ந்தார். மிளகு போனபோதுகூட அவர் முகம் இப்படிச் சுருங்கவில்லை என்று பீபிக்குப் பட்டது. பேரரசர் எங்கே, வெறும் தூதர் எங்கே.

"காவக்காரன வேலையால நிப்பாட்டிட்டேனே, ஸெய்னுலாப்தீன்," என்று ஹாஷிம் முதலாளி குரலைத் தாழ்த்தினார். "பாவம், அவன்தான் எடுத்த எண்டு செல்லி."

"நாளைக்குக் காலம்பற அவன்ட வீட்டுக்குப் போய்க் கூட்டிட்டு வா," என்றாள் பீபி ஸ்பீக்கரைப் பார்த்து. "சும்மா போகாத. கோழி ஒண்டும் கொண்டு போ."

"சரி ராத்தா."

நோபர்ட் சிங்களத்தில் சொல்லக் கேட்டு ஓஐசி எழுந்து போய், ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு கிண்ணத்தில் போட்டார். கறுத்த மிளகுக் கேங்கின் ஆயுள் அத்துடன் முடிந்தது.

"லொறி நம்பர் ஞாபகம் இருக்காம்மா?" என்று நோபர்ட் கேட்டார்.

"நம்பர் ஆரு பாத்த? ஆனா பொன்னையா போட்டோ எடுத்தான். இவங்கட போன்ல எடம் இல்ல, எல்லாம் இவங்கட படம்தான். அதால பொன்னையாட போன்லதான் எடுத்த. லொறிக்கு முன்னால நிண்டுதான் பொன்னாடை."

நோபர்ட் மேசை லாச்சியைத் திறந்தார். முதல் நாளிலிருந்து போன் அங்கேதான் பத்திரமாகக் கிடந்தது. பொலிஸ் அதை மிகக் கவனமாகக் கைப்பற்றியிருந்தது. திறந்து பார்க்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பொன்னையாவைக் கூட்டி வந்தார்கள். மனைவியைக் கண்டதும் கண் கலங்கியது. ஹாஜியார் எழுந்து அவன் முன்னால் போய் நின்றார். மைக்குக்குப் பழகிய தொண்டைக்கு இந்தத் தூரம் மிகக் கிட்டவாக இருந்தது.

"பொன்னையா... நான் அண்டைக்கே செல்லீக்கணும். செல்லல்ல. என்ட மானத்துக்கு ஒன்ன வித்துட்டேன். மன்னிச்சிக்க."

"பரவால்ல மொதலாளி!" என்றான் பொன்னையா, எல்லாரும் எதிர்பார்த்ததைவிட வேகமாக. "நடந்தது நடந்து போச்சு. இத இத்தோட விட்டுறலாம். அந்தப் போன மட்டும் வாங்கிக் குடுத்துருங்க."

"போட்டோ பாக்கணும்யா," என்றார் நோபர்ட். "லொறி நம்பர் இருக்கு அதுல. தொற."

பொன்னையா விரலை வைத்துத் திறந்தான். படத்தைத் தானே தேடி எடுத்து, போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நீட்டினான். "இதான் சார். இந்த ஒண்ண மட்டும் பாருங்க. தள்ளிறாதீங்க."

பொன்னாடையும் பல்லுமாக ஹாஜியார் நின்றார். பின்னால் லொறியின் நம்பர் பளிச்சென்று தெரிந்தது. நோபர்ட் அதை வயர்லஸில் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஓஐசி போனைக் கையில் வாங்கினார். தள்ளாதே என்று சந்தேகநபர் தலையை ஆட்டிக் காட்டிய ஒன்றைத் தள்ளாமல் விடுவதற்கு அவர் பொலிஸுக்குச் சேரவில்லை. தள்ளினார்.

அடுத்த படத்தில் பொன்னையா நின்றான். தலை வாரி, கல்யாணச் சட்டை போட்டு, கையில் ஒரு பத்திரத்தைப் பிடித்தபடி. பக்கத்தில் கலாநிதி சிரித்தார். காலடியில் சின்ன மூட்டை ஒன்று கிடந்தது.

"'தேசிய மிளகு உலர்த்தல் சக்கரவர்த்தி'," என்று நோபர்ட் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

ஹாஜியார் எட்டிப் பார்த்தார். "சக்கரவர்த்தியா?" என்றார், ஈனமான குரலில்.

நிரோஜா போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள்.

"இது நம்ம வீட்டுப் பின்பக்கம்."

பொன்னையா தரையைப் பார்த்தான். வாக்குமூலம் கேட்டபோது பார்த்த அதே தரை.

"இந்த மூட்ட என்னாது?"

"..."

"சாரு கேட்டா பேசாம இருக்கலாம். நான் கேட்டா பேசணும். என்னாது மூட்டயில?"

"கிராம்பு."

"எந்தக் கிராம்பு?"

"நம்ம... காய வச்ச கிராம்பு. துபாயில ஓரமா வைக்கிறேன்னாரு. மொதலாளிக்குப் பக்கத்துல எம்படமும் சின்னதா வைக்கிறேன்னாரு."

நிரோஜாவின் முகத்தில் அழுகை இருந்த இடத்தை வேறு ஒன்று பிடித்துக்கொண்டு வந்தது.

"அந்தக் கிராம்ப எந்தம்பி எடுத்துட்டான்னு தானே சொன்ன?"

"அது வந்து..."

"நான் அவன் வீட்டு வாசல்ல நின்னு லயத்து வீடெல்லாம் கேக்கக் கத்திட்டு வந்தேனே! கள்ளப் பயலே, அக்கா வீட்டுலயே கை வச்சியேன்னு! அவன் பொண்டாட்டி அன்னிலருந்து எங்கூடப் பேசுறதில்லயே! வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னியா நீயி?"

"எப்பிடி நிரோஜா சொல்றது? பொலிஸ்லயும் கலாநிதி பேர எடுத்தா இதுவும் வந்துரும். நீ சிரிப்பியே."

பீபியால் அடக்க முடியவில்லை. பர்தா நுனியை வாயில் பொத்திக்கொண்டு திரும்பினாள். ஒரே பார்வையில் ஹாஜியாரையும் பொன்னையாவையும் பார்த்தாள். ஒருவர் தொப்பி மட்டும் தெரியத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், மற்றவன் தரைக்குள் போக வழி தேடினான். நோபர்ட் மேசையில் முகத்தைப் புதைத்துவிட்டார். ஓஐசிக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இல்லை. ஆனாலும் புருசன் பெண்டாட்டிச் சண்டைக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை, அவருடைய மீசையும் ஆடத் தொடங்கியது.

அப்போது வயர்லஸ் கரகரத்தது. நாலந்தாப் பக்கம் வீதிச் சோதனையில் நின்றவர்கள் பேசினார்கள். அந்த நம்பர் லொறி ஒரு சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் நிற்கிறதாம், உள்ளே மூட்டைகள் அப்படியே இருக்கின்றனவாம். கழுத்தில் அட்டை போட்ட ஒருவர் கடை முதலாளிக்கு ஏதோ வாசித்துக்கொண்டிருக்கிறாராம். வாசித்து முடியும்வரை நிற்கவா, இப்போதே பிடிக்கவா என்று கேட்டார்கள்.

"பிடி! பிடி!" என்று ஓஐசி கதிரையை விட்டுத் துள்ளினார். ஏமாற்று எந்த மேசை என்ற கேள்வியை அவர் மறந்தே போனார். ஹாஜியார் இரண்டு கையையும் ஏந்தி "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். தட்டச்சு அடித்தவர் உள்ளே வந்து எல்லாருக்கும் தேத்தண்ணீர் சொல்லட்டுமா என்று கேட்டார்.

நோபர்ட் சாவிக் கொத்தைச் சுழற்றிக்கொண்டு வந்து, பொன்னையாவின் முதுகில் தட்டினார்.

"சரி சக்கரவர்த்தி, நீ போகலாம். கையெழுத்து ஒண்ணப் போட்டுட்டு வீட்டுக்குக் கெளம்பு."

பொன்னையா நிம்மதியாக ஒரு அடி எடுத்து வைத்தான். நிரோஜா குறுக்கே வந்து நின்றாள்.

"அவசரப்பட்டு விட்டுறாதீங்க சார்," என்றாள். "இன்னொரு ராத்திரி உள்ளயே வச்சிருங்க. நான் போயி எந்தம்பி கால்ல விழுந்துட்டு வந்து, அப்புறமா இவரக் கூட்டிட்டுப் போறேன். சோறெல்லாம் வேணாம், அரசாங்கம் குடுக்கிறதையே திங்கட்டும்."